இடுப்பு ஒடுங்கிய பாட்டில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எட்டே மாதத்தில் கல்யாணம் முறிந்து நான் விளாங்குடிக்குத் திரும்பி வந்தபோது, "இவ வாய்க்கு எவன் வச்சு வாழ்வான்" என்று பேசிக்கொண்டார்கள். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா போன பிறகு சமையலும் துவைப்பும் அவரேதான். நான் பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, நன்னாரி சர்பத் கலந்து கொடுத்து, "குடி பாப்பா, வெயில்ல வந்திருக்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவேன், கதவை அறைந்து சாத்துவேன். அவரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார். போட்டோஷாப் கற்றுக்கொண்டு டவுனில் ஒரு டிசைன் கடையில் வேலைக்குப் போனேன். ரெண்டாயிரம் பிறந்த புதிது அது.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்த வேலை, டம்மி செய்வது. மசாலாவோ ஊதுவத்தியோ, சரக்கு தயாராவதற்கு முன்பே தயாராகிவிட்டது போல ஒரு படம் செய்து தர வேண்டும். அதைக் காட்டித்தான் கடை கடையாக ஆர்டர் பிடிப்பார்கள். வெறும் டப்பாவை வெள்ளைச் சார்ட் மேல் வைத்துப் போட்டோ எடுப்பேன். அதன் மேல் லேபிளை ஏற்றி, டப்பாவின் வளைவுக்குத் தக்கபடி ஓரங்களை வளைப்பேன். ஆனால் படத்தை நம்ப வைப்பது லேபிள் இல்லை, நிழல். டப்பா தரையைத் தொடும் இடத்தில் கருப்பாக இருந்து, தள்ளிப் போகப் போக வெளுக்க வேண்டும். அது தப்பினால் டப்பா அந்தரத்தில் மிதக்கும். மற்றவர்கள் செய்த படத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தான் காய்ச்சும் நன்னாரி சர்பத்தைப் பாட்டிலில் அடைத்து, விளாங்குடி, ஆனையூர் கடைகளில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். வேர் வாங்க அழகர்கோவில் அடிவாரம் வரை பஸ்ஸில் போவார். "சர்ச்சுக்குப் போறத விட அழகர்கோவிலுக்குத்தான் அதிகம் போறீங்க" என்று கேலி செய்வேன். "வேரு அங்கதான பாப்பா இருக்கு" என்பார்.

கடையில் வேலை இல்லாத ஒரு மதியம், அவருடைய சர்பத்துக்கு ஒரு டம்மி செய்தேன். சாதாரண பாட்டில் எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஓர் அத்தர் பாட்டிலின் கழுத்தை எடுத்துத் தலை எண்ணெய் பாட்டிலின் உடம்பில் பொருத்தினேன். மவுஸால் இடுப்பை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினேன். ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்த்திருந்த துளிகளைப் படமெடுத்து அதன் மேல் ஏற்றினேன். கலர் பிரிண்ட்டைக் கையில் கொடுத்தபோது, அப்பா அதை விரலால் தொட்டார். பிறகு விரல் ஈரமாகியிருக்கிறதா என்று பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் நான் முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இந்தப் பாட்டில் எங்க பாப்பா கிடைக்கும்?"

"தேடுனா கிடைக்கும்ப்பா."

பெருமையில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஏதோ ஒரு பாட்டிலை வாங்கி அடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். "இன்னைக்குக் கீழவாசல் பக்கம் போனேன். ஒரு கடையில இதே மாதிரி இருந்துச்சு, கழுத்துதான் குட்டை" என்று சாயங்காலம் வந்து சொல்வார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள என் கௌரவம் விடவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. மடித்து மடித்து மை உதிர்ந்து, பாட்டிலின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. இன்னொரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி அவர் கேட்ட அன்று, கடையில் ஏற்கெனவே ஒருவரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தேன்.

"வேற வேலை இல்லையாப்பா உங்களுக்கு? அப்படி ஒரு பாட்டில் உலகத்துலயே கிடையாது. நான் மவுஸ்ல இழுத்து வச்சது. இம்புட்டு நாள் அலைஞ்சும் அதுகூடத் தெரியலையா?"

அப்பா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியா பாப்பா? எனக்குத் தெரியவே இல்ல பாரேன்" என்று சிரித்தார். படத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

அதன் பிறகு அவர் பாட்டில் பேச்சையே எடுக்கவில்லை. சாதாரண பாட்டில் ஒன்றை வைத்து வேறு டம்மி செய்து கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அவர் உயிர் பிரிந்துவிட்டது.

வீட்டில் ஒரு கேன் நிறைய அவர் காய்ச்சிய சர்பத் மிச்சம் இருந்தது. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுக்கலாம் என்று, கீழவாசல் பக்கம் ஒரு பாட்டில் கடைக்குப் போனேன். முப்பது பாட்டில் கேட்டேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். நன்னாரி சர்பத்துக்கு என்றேன்.

"நீ கிளார்க் சார் மகளா தங்கச்சி? சார் ஏன் இப்பல்லாம் வாரதில்ல?"

சொன்னேன். அவர் எழுந்து, தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"அந்தப் படத்தக் காட்டுன மொத நாளே சொல்லிட்டேன், சார், இது கம்ப்யூட்டர்ல இழுத்த பாட்டிலு, எங்கயும் கிடைக்காதுன்னு."

"மொத நாளேவாண்ணே?"

"ஆமா. ஆனாலும் வாராவாரம் வந்துருவாரு. இதே மாதிரி அச்சு வச்சு அடிச்சுத் தருவாங்களான்னு கேப்பாரு. ஆயிரக்கணக்குல எடுக்கணும் சார், வேற பாட்டில் பாருங்கன்னா கேக்க மாட்டாரு. 'எம்புள்ள இதக் குடுத்துட்டுத்தான் சிரிச்சுச்சு, இல்லைன்னு அதுகிட்ட எப்படிச் சொல்ல'ம்பாரு."

முப்பது பாட்டிலையும் சாக்கில் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு விளாங்குடி வரை அழுதேன். எனக்குத் தெரியவே இல்ல பாரேன் என்று அவர் சிரித்தபோது நான் எதிரேதான் நின்றிருந்தேன். யார் செய்த படத்திலும் பொய்யை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற எனக்கு, அந்த முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.