திட்டு வாங்க ஒரு ஆள்

விசாலம் மேடம் இறந்துபோன செய்தி எனக்குத் தனியாக வரவில்லை. ஒரு கேள்வியையும் கூட்டிக்கொண்டு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ் பர்லியாரில் நின்றது. டீ வாங்கிக் கையில் பிடித்த நேரம் போன் அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர். "சார், நம்ம விசாலம் மேடம் காலைல தவறிட்டாங்களாம், ஹார்ட் அட்டாக்காம். அந்த ஏஐ ஸ்ட்ராடஜி பைல் உங்ககிட்ட இருக்குங்களா? மேடம் கடைசியா திருத்தினது. சின்ன முதலாளி கேக்கச் சொன்னாருங்க" என்றார். எல்லாம் ஒரே மூச்சில். ஒரு மனுஷி செத்த சேதிக்கும் ஒரு பைலுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட அவருக்கு நேரமில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் காரம் சற்றுத் தூக்கலாக இருந்தால், மேடத்தை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரோடு பழகியவர்களுக்குக் காரம் புதிதல்ல.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனிக்குச் சொந்த எஸ்டேட் கிடையாது. குன்னூரைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை வாங்கி, எங்கள் பேக்டரிகளில் தூளாக்கி விற்கிறோம். இலை வாங்கும் பொறுப்பு முழுவதும் விசாலம் மேடத்துடையது. நான் ஆபீஸ் மேனேஜர். ஒரே அறையில் எதிரெதிர் மேசை. அவர் கோயம்புத்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி வந்தவர். அதனால் சரக்கைப் பார்ப்பதற்கு முன்னால் சரக்கு கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார்.

இலையை எடைபோட்டு வாங்கும் எங்கள் ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததல்ல. முற்றின இலை என்று ஒருவருடைய மூட்டையைத் தள்ளிவிட்டால், அந்த விவசாயி முதலில் திட்டித் தீர்ப்பார். கம்பெனியை, அரசாங்கத்தை, மழையை, தராசை, கடைசியில் மேடத்தையும். மேடம் குறுக்கே பேசாமல் கேட்பார். பிறகு மூட்டைக்குள் கையைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, "ஏனுங்ணா, இத நீங்களே டீ போட்டுக் குடிப்பீங்களா?" என்பார். சில நாள், "இது நல்ல இலைதானுங்க, எங்காளு தப்பாத் தள்ளீட்டாரு" என்று திரும்ப எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் ஷெட் செலவில் ஒரு டீ. ஆள் இறங்கிப் போவார், மறுநாள் மறுபடியும் எங்களுக்கே இலை போடுவார். திட்ட இடமில்லாத பேக்டரிக்கு எவன் இலை கொண்டுவருவான்? கம்பெனி நின்றது மெஷின்மேல் அல்ல, இந்தத் திட்டின்மேல்தான் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் சின்ன முதலாளி கோவையில் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "நாமும் ஏஐ கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரு ஸ்ட்ராடஜி எழுதுங்கள்" என்று மேடத்திடம் ஒப்படைத்தார். மேடம் முறைத்துக்கொள்ளவில்லை. அவர் ஏஐக்கு விரோதி என்று இன்று சிலர் பேசுவது சுத்தப் பொய். தரகர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத அவரே போனில் அதைத்தான் வைத்திருந்தார். "நம்மளவிட மரியாதையா எழுதுதுங்க சிவராஜ், நமக்கு அவ்வளவு பொறுமை ஏது?" என்று சிரிப்பார். நாளைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு இலை வரும் என்று முன்கூட்டிக் கணித்து லாரி அனுப்ப அதைப் பயன்படுத்தலாம் என்று முதலில் எழுதியவரும் அவர்தான். முதலாளியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நமக்கு எங்க வலிக்குதுங்க? அதச் சொன்னீங்கன்னா மருந்து தேடலாம்." அதற்கு வந்த பதில், "பக்கத்து பேக்டரிக்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க." அடக் கடவுளே! அடுத்த வீட்டுக்காரன் மாத்திரை போடுகிறான் என்று நாமும் போடுவோமா? போட்டோம். லாரித் திட்டம் ஓரமாகப் போனது. இலையின் தரத்தைக் கேமரா பார்த்துத் தீர்மானிக்கும் திட்டம் நடுவீட்டில் வந்து உட்கார்ந்தது. படம் காட்ட அதுதானே அழகாக இருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். முதலில் ஒரே ஒரு ஷெட்டில் கேமரா மாட்டி, வருகிற இலையையெல்லாம் படமெடுத்து, அதை வைத்து மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அங்கேதான் நம் ஜனங்கள், நம் ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வந்து படம் பிடிக்கிறார்கள் என்றதும், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பள்ளிக்கூடம் தயாராவதுபோல ஊரே தயாராகிவிட்டது. இரண்டு இலை ஒரு மொட்டு தவிர வேறெதையும் கண்ணில் காட்டவில்லை. பெள்ளி அண்ணன், எங்களுக்கு வெகுகாலமாக இலை போடும் படுகர் இன விவசாயி, குடும்பத்தையே உட்காரவைத்து நரம்போடிய இலையையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பூக்கூடை தூக்குகிற மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஷெட் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் சுமாரான மூட்டைகளைக் கேமராவுக்குக் காட்டாமல் பின்பக்கமாக அனுப்பினார்கள். கம்பெனி மானம் போகக்கூடாதாம்! ஆலோசகர்கள் அகமகிழ்ந்து போனார்கள். மேடம் மட்டும் தலையிலடித்துக்கொண்டார். "தீபாவளிக்குச் சுட்ட பலகாரத்தக் காட்டி, இவங்க ஊட்ல தினமும் இதுதான் சமையல்னு சொல்லிக் குடுக்கறீங்களே! மழைக்காலத்துல வந்து படம் புடிங்க" என்று அந்த ஆலோசகரிடமே சொன்னார். மழைக்காலத்தில் ரோடு சரிந்துவிடும், வர முடியாது என்று பதில் கிடைத்தது.

மழை பிடித்தது. கொழுந்து எகிறியது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை, இலை கொஞ்சம் முற்றியது. வருஷாவருஷம் நடப்பதுதான். ஆனால் கேமராவுக்குத் தெரிந்தது பலகாரம் மட்டும். மூட்டை மூட்டையாகத் தள்ளியது. பெள்ளி அண்ணனின் இலையையும் தள்ளியது. அவர் வழக்கப்படி திட்ட ஆரம்பித்தார். யாரைத் திட்டுவது? மெஷின் தள்ளியதை எடுக்க மேடத்துக்கே அனுமதி கிடையாது. ஷெட் ஆள், "நான் ஒண்ணும் பண்ணலீங்க, அதுதான் சொல்லுது" என்று திரையைக் காட்டினார். பெரியவர் அந்தத் திரையைப் பார்த்துத் திட்டினார். அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். புகார் சொல்ல ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அதற்குச் செய்தி அனுப்பினால், "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று உடனே பதில் வரும், இலை மட்டும் திரும்ப வராது. அந்தப் பதிலைப் பேரனைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் மூட்டையை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார். டீ குடிக்கவில்லை. மேடம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஸ்ட்ராடஜியில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். ஒவ்வொரு ஷெட்டிலும் மெஷினின் முடிவை மாற்ற அதிகாரம் உள்ள, காரணம் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த ஷெட்டிலும் கேமரா வேண்டாம். இயக்குநர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லும்போது அவருக்கு வந்தது ஷெட் பாஷைதான்: "மெஷின் வரட்டுமுங்க, நானே வரவேற்கறேன். ஆனா திட்டு வாங்க ஒரு ஆள் இருக்கோணும்." எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர், "அதைத்தான் ஹியூமன் இன் த லூப் என்று ஸ்லைடில் போட்டிருக்கிறோம் மேடம்" என்றார். மேடம் கேட்டார்: "அந்த ஹியூமனுக்குப் பேரு என்னங்க? எந்த ஷெட்டுல நிப்பாருங்க?" அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். ஆட்களைக் குறைக்கத்தானே மெஷின், அதற்குப் பக்கத்தில் மறுபடியும் ஆளா என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட மரியாதை மிஞ்சியிருக்கும்.

மேடத்தின்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இறந்தவர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். மழையிலும் பனியிலும் இதற்காக அலைந்தார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. "இப்போதைக்கு ஸ்ட்ராடஜியில கையெழுத்துப் போடுங்க மேடம், அந்த வாக்கியத்தைப் பின்னால சேர்த்துக்கலாம்" என்று நான் ஒருநாள் சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். "பின்னால சேத்தறது எதுவும் சேராதுங்க சிவராஜ். உப்ப வாழையெலையில வெச்சுக் கலக்கிக்கறதா, கொழம்புலயே போடறதா?" வாதத்தில் அவரை ஜெயித்தவன் இந்த மலையில் கிடையாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை. மகாராசி, கையெழுத்துப் போடாமலே போய்ச்சேர்ந்தார்.

இப்போது நான் இதை எழுத வேண்டிவந்த காரணத்துக்கு வருகிறேன். பேக்டரி கேன்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது. மாலை போட்ட படம், பக்கத்தில் ஒரு பெரிய பேனர். அதில் மேடத்தின் முகத்துக்குக் கீழே, "அன்னாரின் கனவுத் திட்டம்: அனைத்து ஷெட்டுகளிலும் ஏஐ" என்று போட்டிருந்தது. சின்ன முதலாளி தழுதழுத்த குரலில், மேடத்தின் நினைவாக எல்லா ஷெட்டிலும் கேமரா மாட்டப்போவதாக அறிவித்தார். ஸ்ட்ராடஜி பிரதியை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. உயிரோடு இருந்தபோது அவர் போட மறுத்த கையெழுத்தை, செத்தபின் அவர் முகத்தை வைத்தே போட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து, "இது மேடத்தின் கனவு இல்லீங்க. இது இப்படி வரக்கூடாதுன்னுதான் அவங்க கடைசி வரைக்கும் சண்டை போட்டாங்க" என்றேன். பேசும்போது குரல் உடைந்தது. துக்கத்தில் பேசுகிறார் என்று தோளைத் தட்டி உட்காரவைத்தார்கள். துக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சொன்னது நிஜம். அவரை அறிந்த ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கேமரா மாட்டுகிறவர்கள் மாட்டட்டும், தங்கள் பெயரில் மாட்டட்டும்.

போன வாரம் ஷெட்டுக்குப் போனேன். ஆபீஸ் மேனேஜருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, சும்மாதான் போனேன். பெள்ளி அண்ணனின் இரண்டு மூட்டைகளைக் கேமரா தள்ளியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மாவும் போயாச்சு. இனிமே நான் யாரைக் கேக்கறது?" என்றார்.

"என்னைக் கேளுங்க" என்றேன்.

கேட்டார். அவர் கேட்டது ஷெட் முழுக்கக் கேட்டது. என்னை, என் கம்பெனியை, என் படிப்பை, என் பரம்பரையை. நடுவில் ஒரு இடத்தில் அவர் கண் கலங்கியது, எனக்கும்தான். அவர் முடிக்கும்வரை நின்றேன். பிறகு மூட்டைக்குள் கையைவிட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்த்தேன். ஒன்று நல்ல இலை. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னொன்று மெய்யாகவே முற்றல். அதை அவரிடமே காட்டினேன், முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். டீ வந்தது, இருவரும் குடித்தோம். சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து போன்: மெஷின் தள்ளிய மூட்டையை எடுக்கச் சொன்னது யார்? நான்தான் என்று சொல்லி, என் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வருமாம், வரட்டும்.

விசாலம் மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் நின்ற அந்த இடத்தை. அதற்குச் சம்பளமும் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. திட்டு வாங்கவும் பதில் சொல்லவும் அங்கே ஒரு ஆள் வேண்டும். மழை இன்னும் பலமாகப் பிடிக்கவில்லை, பிடிக்கும். நான் நிற்கிறேன், மேடம்.