இரண்டு கிலோ உள்ளியும் இடைநிலைக் கணக்கியலும்

மட்டாஞ்சேரியில் சுல்ஃபத்தின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம், மூக்கு போதும். அவள் கணவன் நௌஷாத் கல்யாணங்களுக்கும் வீட்டு விருந்துகளுக்கும் பிரியாணி செய்து கொடுப்பவன். மிளகும் சுக்குமாக ஊருக்கே ஒரு வாசனை இருந்தாலும் அந்த வீட்டின் வாசனை உள்ளி. சின்ன வெங்காயத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வெங்காயம் போட்டதைப் பிரியாணி என்றே நௌஷாத் ஒத்துக்கொள்ள மாட்டான். ராவுத்தர் வீட்டுப் பிரியாணிக்குச் சின்ன உள்ளிதான் என்பது அவன் கட்சி. கட்சி அவனுடையது, உரிக்கிற வேலை சுல்ஃபத்துடையது.

அப்படி உரித்துக்கொண்டிருந்தவள்தான் நாற்பது வயதில் எறணாகுளத்துக் காலேஜ் ஒன்றில் இடைநிலைக் கணக்கியல் படிக்கச் சேர்ந்தாள். "அதென்ன இடைநிலை?" என்று கேட்டவர்களுக்கு நௌஷாத் பொறுமையாகப் பதில் சொன்னான்: "ஆரம்பம் கல்யாணத்துக்கு முந்தியே முடிஞ்சுது. அப்புறம் நடுவில நின்னு போச்சு."

விஷயம் அதுதான். பி.காம் முதல் வருஷம் முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு யாரும் தடுக்கவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. பாதியில் விட்ட அந்தப் படிப்பு அவளை இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவையும் பாதியில் விட்டால், பிளஸ் டூ படிக்கிற மகள் லுப்னாவிடம் "புஸ்தகத்தை எடு" என்று சொல்ல வாய் வராது என்று அவள் பயந்தாள்.

செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வகுப்பு. சனிக்கிழமை நேரில் காலேஜ். இதற்கு ஹைப்ரிட் என்று பேர். தென்னங்கன்றுக்குத்தான் அப்படிப் பேர் வைப்பார்கள் என்று நௌஷாத் அதுவரை நினைத்திருந்தான். ஆனாலும் பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்ததும், சமையலறையில் அவள் முகத்துக்கு நேராக விளக்கு மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

சமையலறை ஏன் என்றால், வகுப்பு நேரமும் உள்ளி நேரமும் ஒன்றாகப் போய்விட்டன. மறுநாள் ஆர்டருக்கு ராத்திரிக்குள் உரித்து வைத்தாக வேண்டும். அதனால் ஒரு பெரிய சருவத்தைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். மடியில் தாம்பாளம், பக்கத்தில் முறம். கேமராவில் அவளுடைய முகமும் தோளும் மட்டும் தெரியும். கழுத்துக்குக் கீழே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது.

பாடம் நடத்தியவர் அம்ருதா மேடம். முப்பது வயது நிறையாதவர், இரக்க குணம் கொஞ்சம் கூடுதல். அவர் மலையாளத்தில் பேசுவார், வயதில் மூத்தவள் என்று அவளை இத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். சுல்ஃபத் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும். கேமராவை யாரும் அணைக்கக் கூடாது என்பது மேடத்தின் ஒரே கண்டிப்பு. மேடமும் பாடத்தின் நடுவே அடிக்கடி தலையைக் குனிந்துகொள்வார். குறிப்பைப் பார்க்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தேய்மானம் பாடம். ஆசையாக வாங்கிய இயந்திரம் வருஷா வருஷம் மதிப்புக் குறைந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போகிறது என்று மேடம் சொல்லி முடித்தபோது, திரையில் சுல்ஃபத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இத்தா, எந்தா பற்றி?" என்று மேடம் என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். கண்ணில தூசி."

அடுத்த வியாழக்கிழமையும் தூசி விழுந்தது. அதற்கடுத்த செவ்வாயும் விழுந்தது. உள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு உள்ளி உரிப்பது படிப்புக்குச் செய்கிற மரியாதைக் குறைவு என்று அவளுக்குள் ஒரு கூச்சம். மேடம் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: 'வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் பயப்படாமல் என்னிடம் சொல்லலாம்.' சுல்ஃபத் உடனே பதில் எழுதினாள்: 'ஒரு பிரச்சினையும் இல்லை மேடம். அவர் ரொம்ப நல்லவர்.' புருஷனிடம் அடி வாங்குகிற பெண் எழுதுகிற பதிலும் அச்சு அசல் இதுதான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மேடத்துக்குத் தோன்றியது.

அதன் பலனை அனுபவித்தவன் நௌஷாத். சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய் விடுகிறவன் அவன். காலேஜ் வாசலில் நிற்கிற பெண்பிள்ளைகள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு காறித் துப்பாத குறை.

"உன் கிளாஸ்ல உள்ளதுங்க என்னெ ஏன் இப்படி மொறைக்குது?" என்று அவன் கேட்டான்.

"அதுங்களுக்குப் பரீட்சை பயம்," என்றாள் சுல்ஃபத். அவளுக்கும் காரணம் தெரியாது.

அவளுடைய கவலை வேறு. வீட்டிலிருந்து நடக்கும் வகுப்பில் மேடம் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்கிறவள், சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுவாள். வியாழக்கிழமை தானே சொன்ன பதிலைச் சனிக்கிழமை கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கை மட்டும் சும்மா இருக்காது. தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழிக்கும். பெஞ்சின் ஓரத்துப் பலகையை நகத்தால் பெயர்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சஃப்வானின் கால்குலேட்டரில் ஒட்டியிருந்த கால்பந்து ஸ்டிக்கரை ஒரு நாள் முழுசாக உரித்தெடுத்துவிட்டாள். பையன் நல்லவன், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த சஃப்வான் அவளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தான். அதை உரித்துக்கொண்டிருந்தபோது மேடம் சரக்கு மதிப்பீட்டில் ஒரு கேள்வி கேட்டார். சுல்ஃபத் எழுந்து மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆரஞ்சுத் தோல் தீர்ந்தது, பதிலும் பாதியில் நின்றுவிட்டது. கையில் இருந்த சுளைகளைப் பார்த்தபடி நின்றபோதுதான் தன் மண்டைக்குள் கணக்கியல் எந்த வழியாகப் போயிருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

அவளுக்கு உறைத்தது, காலேஜுக்கு உறைக்கவில்லை. வீட்டில் இருந்தால் சரளம், நேரில் வந்தால் ஊமை, திரையில் பார்வை எப்போதும் கீழே. துறைத் தலைவரிடம் பேச்சுப் போனது. அம்ருதா மேடம் அவளைத் தனியே அழைத்து, தோளில் கை வைத்துச் சொன்னார்.

"இத்தா, வர்ற சனியாழ்ச்சை உங்களுக்கு மட்டும் நேரில வாய்மொழித் தேர்வு. அதில ஜயிச்சாத்தான் பரீட்சை எழுத முடியும். இல்லெங்கில் பேரை எடுத்துருவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "வகுப்பில உங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கறது ஹஸ்பண்டா? மேசைக்கு அடியில இருந்து மிரட்டறாரா? அடிக்கறாரா? அதுக்குத்தான் அழறீங்களா?" என்று கேட்டார்.

சுல்ஃபத் பையின் வாரை நகத்தால் பிய்த்தாள். அதையும் மேடம் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதும் நௌஷாத் விழுந்து விழுந்து சிரித்தான். "நானா? எனக்கு டெபிட் எந்தப் பக்கம்னே தெரியாதே." பிறகு மிரட்டல், அடி, கண்ணீர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நான் உன்னெ ஒரு வார்த்தை சொன்னது உண்டா?"

"போன வாரம் சொன்னீங்க. தோல் ஒட்டியிருக்குன்னு."

"அது உள்ளியெச் சொன்னது."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஒரு காலேஜைப் பாதியில் விட்டதற்குக் கல்யாணம் என்று காரணம் சொல்லலாம். இரண்டாவதை விடுவதற்கு என்ன சொல்வது? அடுத்த நாள் லுப்னா ஒரு ரப்பர் பந்தைக் கொண்டுவந்து, "உம்மா, இதை அமுக்கிட்டே பதில் சொல்லு," என்றாள். அமுக்கினால் பந்துதான் அமுங்கியது. தஸ்பீஹ் மணியை உருட்டிப் பார்த்தாள். வாய் தானாக அல்லாவின் பேரைச் சொல்லும் திக்ருக்குப் போனது, தேய்மானத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நௌஷாத் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை ஒரு விருந்து ஆர்டர் இருக்கு. ரெண்டு கிலோ உள்ளி எப்படியும் உரிச்சாகணும். அங்கெ கொண்டுபோய் உரி."

"காலேஜ்லயா? மானம் போகும்."

"இப்ப மட்டும் என்ன மிச்சம் இருக்கு? ஊரெல்லாம் நான் உன்னெ அடிக்கிறேன்னு பேச்சு."

சனிக்கிழமை அவள் ரெக்ஸின் பையோடு துறைத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். ஏசி ஓடியது, ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. தலைவர் கண்ணாடி போட்ட, எதற்கும் அசையாத மனிதர். பக்கத்தில் அம்ருதா மேடம் தேர்வு தனக்குத்தான் என்பது போலக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சார், கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது. இதை உரிச்சுக்கிட்டே சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு சுல்ஃபத் மேசையில் செய்தித்தாளை விரித்தாள். உள்ளி வந்தது, கிண்ணம் வந்தது, சின்னக் கத்தியும் வந்தது. தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கத்தி வேண்டாம்னா நகம் போதும் சார்."

"வேண்டாம், நடக்கட்டும்," என்றார் அவர், கத்தியைப் பார்த்தபடியே.

வீட்டில் என்றால் உள்ளியைத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பாள். ஸ்கூட்டரில் ஒழுகுமே என்று உலர்ந்ததாகவே கட்டி வந்திருந்தாள். முதல் கைப்பிடி உரிபடும்போதே காரம் எழும்பியது.

"குறையும் மதிப்பு முறையில ஒரு சொத்தோட மதிப்பு ஏன் பூஜ்யம் ஆகறதில்லை?"

"ஒவ்வொரு வருஷமும் மிச்சத்திலிருந்துதானே சார் சதவீதம் எடுக்கிறோம். மிச்சத்திலிருந்து கொஞ்சம் எடுத்தா எப்பவும் ஒரு மிச்சம் இருக்கும்."

"விலை ஏறிக்கிட்டே போற காலத்தில, முதல்ல வந்த சரக்கு முதல்ல போகும்னு கணக்கு வெச்சா லாபம் கூடுமா, குறையுமா?"

"கூடும் சார். பழைய விலைச் சரக்குத்தான் முதல்ல செலவுல ஏறும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்தார். வழக்கு தோற்றால் கொடுக்க வேண்டி வரலாம் என்கிற தொகையை எங்கே எழுதுவாய் என்று கரகரத்த குரலில் கேட்டார். சுல்ஃபத் பொறுப்புகளின் பக்கத்தில் எழுதுவேன் என்றாள். தப்பு. தோற்பது உறுதியில்லை என்றால் அடிக்குறிப்பில்தான் எழுத வேண்டும் என்று அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருத்தினார். அவள் தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த உள்ளியை எடுத்தாள்.

"போதும் இத்தா," என்றார் தலைவர்.

"இன்னும் அரைக் கிலோ இருக்கு சார்."

"அப்போ இன்னும் ரெண்டு கேள்வி கேட்கலாம்."

அந்த இரண்டுக்கும் சரியான பதில் வந்தது. மார்க் போடும் தாள் தலைவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேடத்தை எழுதச் சொன்னார். மேடத்துக்கும் தெரியவில்லை, கண்ணும் மூக்கும் ஒழுக, சுல்ஃபத்தின் கையையும் கண்ணீர் வழிந்த கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இத்தா, செவ்வாயும் வியாழனும்... இதா?"

"இதுதான் மேடம்."

"தூசி?"

"தூசியெல்லாம் இல்ல மேடம். மன்னிக்கணும்."

நௌஷாத் வராந்தாவில் ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டு நின்றான். கதவு திறந்தது. முதலில் தலைவர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே அம்ருதா மேடம் சிவந்த கண்ணும் வழிகிற கண்ணீருமாக நேரே அவனிடம் வந்து, கைகூப்பி, "சேட்டா, மாப்பு," என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச முடியாமல் போய்விட்டார். வாசலில் நின்ற பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் மறுபடி அவனைத்தான் பார்த்தார்கள்.

கடைசியாகப் பையோடு வந்த சுல்ஃபத்திடம் அவன் மெதுவாகக் கேட்டான்: "நீ அவங்கள என்ன செஞ்சே?"

"பாஸாயிட்டேன்," என்றாள் அவள். முகத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்ததால் அவள் கண் மட்டும் காய்ந்திருந்தது. உள்ளிக் கண்ணீர் துடைத்தால் தீர்ந்தது என்று நௌஷாத் நினைத்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தோப்பும்படிப் பாலம் ஏறும்போது அவன் முதுகில் முகத்தை வைத்து அவள் நன்றாக அழுதாள். எழுத்துப் பரீட்சையைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. அங்கே கையில் பேனா இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியதும் சுல்ஃபத் லேப்டாப்பின் திரையைக் கீழே சாய்த்தாள். தாம்பாளமும் முறமும் மஞ்சள் படிந்த அவளுடைய விரல்களும் வகுப்புக்கு முதல் முறையாகத் தெரிந்தன. எங்கோ ஒருத்தி தன் திரையைச் சாய்த்தாள். அங்கே பாதி இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் கிடந்தது. சஃப்வான் அவசரமாகக் கேமராவை அணைத்தான். அவன் என்ன செய்துகொண்டிருந்தானோ. அப்புறம் அம்ருதா மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன்னுடைய திரையையும் சாய்த்தார். மடியில் ஒரு தட்டு நிறைய முருங்கைக்கீரை, பாதி ஆய்ந்தபடி இருந்தது.

மேடம் ஒரு காம்பை உருவிக்கொண்டே கேட்டார்: "சுல்ஃபத் இத்தா, போன வகுப்பில எங்கே நிறுத்தினோம்?"

"பாதியில மேடம்," என்று சொல்லி, சுல்ஃபத் அடுத்த உள்ளியை எடுத்தாள்.