ஆடி மழையில் போட்ட அடுப்பு

எனக்கு எழுபத்தைந்து வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. அது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கொழுந்தனாரின் பிள்ளைகள் இருவர் தாயில்லாமல் வந்தார்கள், என் பிள்ளைகளோடு தட்டை வைத்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஆறு பேரில் ஒருவரும் என் வீட்டில் ஆறிப்போன சோறு தின்றதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறென்ன இருக்கிறது?

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல, பெரியவன் மகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். அந்தக் காலத்து ஆட்கள் பேசினதை மட்டும் அப்படியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். "ஒரு எடத்துல உக்காந்து சொல்லுங்க அப்பத்தா" என்கிறாள். எனக்கு உட்கார வராது. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் யாருக்குத்தான் வரும்? கதவைப் போய்ப் பார்க்க வேண்டும், கொடியில் காயாத சேலையைத் திருப்பிப் போட வேண்டும், பின்கட்டில் அடுப்பு அணைந்ததா என்று பார்க்க வேண்டும்.

அந்த அடுப்பைப் பற்றித்தான் பேச்சு வந்தது. "கேஸ் இருக்கையில இந்த மண்ணடுப்பு எதுக்கு அப்பத்தா? நாளைக்கு நீங்க எங்களோட கோயமுத்தூர் வந்துட்டா இதுல யாரு சமைப்பா?" என்று கேட்டாள். கேட்டதற்குத் தண்டனையாக எழுது என்று உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.

நான் கைப்பிள்ளையாக இருக்கும்போது அவிநாசிப் பக்கம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி, ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். லைன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரே நீளக் கூரை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம், நடுவில் ஆளுயரச் சுவர். நாங்கள் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரி "நூறு வயசு" என்பாள்.

லைனுக்கு வருகிற எந்தக் குடும்பமும் முதலில் செய்கிற வேலை அடுப்புப் போடுவது. மண் குழைத்து, வாய் வைத்து, பானை உட்கார மூன்று குமிழ் பிடித்து, சாணி மெழுகி, பால் காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. அம்மா மூன்று கல்லைப் பொறுக்கி வந்து போட்டாள். அதில்தான் சோறு, அதில்தான் வெந்நீர். வருஷம் போயிற்று, தங்கை பிறந்தாள், அவளும் நடந்தாள். மூன்று கல் மூன்று கல்லாகவே இருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். "ஒரு மழை பேஞ்சு கெணறு ஊறுனாப் போதும், எறங்கிறலாம்" என்பார் அப்பா. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு ஊருக்குப் போவார். திரும்பி வந்து கம்பளியை உதறிக்கொண்டே, "இன்னும் ஊறல புள்ள" என்பார். அம்மா, "அதனாலென்னங்க, அடுத்த வருசம்" என்பாள்.

மற்ற வாசல்களிலெல்லாம் மேரக்காய்க் கொடி, கீழே சௌசௌ என்கிறார்களே அதுதான், பந்தலேறிக் காய் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரி சேலம் ஜில்லாக்காரி, நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முளைவிட்ட மேரக்காய் ஒன்றைக் கொண்டுவந்து, "நட்டு வையம்மா, காசா பணமா" என்பாள். அம்மா, "எதுக்குங்க? இது காய்க்கறதுக்குள்ள நாங்க எறங்கிருவம்" என்பாள். சத்தமாகத்தான் சொல்வாள். அதிலும் அப்பா வீட்டில் இருந்தால் லைன் முழுக்கக் கேட்கும். அப்பா இல்லாதபோது சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன, உறைக்க வேண்டாமா?

எனக்கு ஊர் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த மலைதான். எஸ்டேட் ஸ்கூலில், "நீங்க எப்போ போறீங்க?" என்று கேட்பார்கள். புதுசாக ஒரு பிள்ளை வந்தால் என் பக்கத்தில் உட்கார வைப்பார்கள், எப்படியும் காலியாகப்போகிற இடம் என்று. இரவில் படுத்தால் நாளைக்கே மூட்டை கட்டிவிடுவார்களோ என்று விழித்துக் கிடப்பேன். மூட்டை கட்டாமல் இன்னொரு நாள் விடியும். அன்றைக்கு இரவும் விழிப்புதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆடி நோம்பிக்கு அப்பாவை ஊருக்கு அழைத்துப்போக அத்தை, அவருடைய அக்கா, மலையேறி வந்தாள். கீழே ஆடிக்காற்று, இங்கே விடாத மழை. லைனின் மண்தரை ஊறிக் கிடந்தது. அத்தைக்காக அம்மா பெரிய பானையை ஏற்றினாள். சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு கல் மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. பானை குப்புற விழுந்தது. கொதிக்கிற கஞ்சி ஓடி வந்த பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கால் விரலில் மட்டும் சுட்டது. அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டாள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்புள்ள, சந்தைக்கு வந்தவளாட்ட மூணு கல்லு வெச்சுப் பொங்கறயே, இது குடும்பமா, கூடாரமா? புள்ளய வேக வெக்கப் பாத்தயே!"

அம்மா சிந்தின சோற்றை அள்ளிக்கொண்டே, "எறங்கப் போறவங்களுக்கு அடுப்பு எதுக்குங்க நங்கையா?" என்றாள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தை வாயைத் திறந்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அத்தை வாயை மூடிக்கொண்டு வெற்றிலைப் பையைத் தேடினாள்.

கூடாரம் என்று சொன்னது எனக்குத் தைத்துவிட்டது. சுவருக்கு மேல் நீண்ட தலை வேறு அதைக் கேட்டுவிட்டதே! மறுநாள் அத்தையும் அப்பாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். எல்லோரும் போனதும் நான் அடுப்புப் போட உட்கார்ந்தேன்.

மண்ணுக்குக் கஷ்டமில்லை. தேயிலைக் காட்டில் மழைத்தண்ணீர் வடிகிற கானில் சிவப்பு மண் குழைந்தே கிடந்தது. ஆனால் மண்ணோடு வைக்கோல் சேர்த்து மிதித்தால்தான் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். நெல் விளையாத மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? அப்பாவின் தலையணை ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது, உள்ளே வைக்கோல் திணித்தது. தையலைப் பிரித்து உருவினேன். தங்கை மிதித்தாள், கொஞ்சம் தின்றும் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் அடுப்பு எழுந்துவிட்டது. அவ்வளவு அழகான அடுப்பை அந்த லைன் கண்டதில்லை என்று எனக்கு நினைப்பு.

அம்மா வந்தாள். கூடையை இறக்கவில்லை. கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று பார்த்தாள். அடி விழப்போகிறது என்று முதுகைச் சுருக்கிக்கொண்டேன். அவள் குனிந்து கட்டைவிரலால் அமுக்கினாள். விரல் உள்ளே போயிற்று.

"ஆடி மழையில எவளாச்சும் அடுப்புப் போடுவாளா? பங்குனில போட்டாலே இந்த மலையில காயறதுக்குப் பத்து நாளாகும். இது காயாது, விடிஞ்சா உக்காந்துரும்."

எனக்கு அழுகை வந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள். "வாயக் கொண்டுபோயி வாசலப் பாத்து வெச்சிருக்கறா பாரு. காத்தடிச்சா புகை பூரா மூஞ்சிலதான்."

அப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த வாயை அடைத்துச் சுவர்ப்பக்கம் வேறு வாய் வெட்டினாள். சாய்ந்திருந்த குமிழை நிமிர்த்தினாள். மூன்று கல்லில் எரிந்த தணலைக் கரண்டியால் எடுத்து ஈர அடுப்புக்குள் கொஞ்சம் போட்டாள். அதிகம் போட்டால் வெடிக்கும், போடாவிட்டால் சரியும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை ஒவ்வொன்றாக ஊட்டினாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது என் தாடையைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள்: "அப்பன் வந்து கேட்டா நீதான் போட்டேன்னு சொல்லோணும். அம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லோணும். மாத்திச் சொன்னே, தோலை உரிச்சுப்போடுவேன்."

சந்தோஷமெல்லாம் போய்விட்டது. அடுப்பு அவளுக்கும் வேண்டும், ஆனால் அடி மட்டும் எனக்கு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னம்மா, எறங்கலையா?" என்று சிரித்தபோதும், "புள்ளைக வெளையாட்டுக்குப் பண்ணி வெச்சிருக்குதுங்க" என்றாள் அம்மா, தனக்குச் சம்பந்தமே இல்லை என்கிற குரலில். அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு.

அப்பா வரும்வரை நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கீழ் ரோட்டில் லாரி உறுமினால் வாசலுக்கு ஓடுவேன். திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் இளகியிருக்கும், மறுநாள் விரிசல் விட்டிருக்கும். அம்மா விரிசலில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு வேலைக்குப் போவாள். அப்பா வந்து இதை உதைத்துத் தள்ளுவாரா? "போதும், கெளம்புங்க" என்று சொல்லிவிடுவாரா? தங்கையிடம் கேட்டேன். அவள், "அப்பா பொரி கொண்டாருவாரு" என்றாள்.

அப்பா வந்தபோது அடுப்பில் பானை இருந்தது. அன்றைக்குத்தான் அது முதன்முதலாகச் சுமை தாங்கியது. நனைந்த கம்பளியோடு வந்தவர் அடுப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "இன்னும் ஊறல" என்று சொல்லவில்லை. அந்த வருஷம் அதைச் சொல்லவே இல்லை.

"யாரு போட்டது?"

அம்மா துழாவிக்கொண்டே இருந்தாள். பானைக்குள் தலையை விட்டுவிடுவாள்போல இருந்தது.

"நாந்தானுங்கப்பா. அம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. அவர் அடுப்பின் பக்கத்தில் குத்தவைத்து, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு வைக்கோல் துரும்பைத் தடவினார். "வைக்கோலு ஏது அம்மிணி?"

தங்கை ஓடிப்போய்ச் சப்பைத் தலையணையைத் தூக்கி வந்து அவர் மடியில் போட்டாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஊருல இருந்து கொண்டாந்ததுல மிச்சம் இதொண்ணுதான் இருந்துச்சு. அதும் ஒரு எடத்துல போய்ச் சேந்துருச்சு, போ."

மூலையில் கிடந்த மூன்று கல்லையும் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கூரைத்தண்ணீர் விழுகிற இடத்தில் போட்டார், கால் கழுவ. மறுநாள் காலையில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏனுங்க, மொளைச்ச மேரக்காய் இருந்தா ஒண்ணு குடுங்க" என்று கேட்டார். அவள் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். அம்மா அன்றைக்குப் பால் வாங்கி அந்த அடுப்பில் காய்ச்சினாள். புது அடுப்புக்கு என்று அப்பாவிடம் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு என்றுதான் சொன்னாள்.

எல்லோரும் இங்கேயே இருக்கும்படி செய்துவிட்டேன் என்று அந்த மேரக்காய் பந்தலேறிக் காய்த்த காலமெல்லாம் எனக்குக் கர்வம். இறங்கத் துடித்துக்கொண்டிருந்த அம்மாவை ஒரே பகலில் அடக்கிவிட்டேன் என்று என் கல்யாணம் வரைக்கும் நம்பியிருந்தேன்.

கல்யாணத்தன்று அத்தை என்னைத் தனியே உட்காரவைத்து, என் மாமியார் வீட்டு அடுப்பு எத்தனை கண் என்று விசாரித்தாள். பிறகுதான் சொன்னாள். நாங்கள் மலையேறிய மறு வருஷமே ஊரில் எங்கள் வீடு மழையில் விழுந்துவிட்டதாம். மழை வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள், கிணறும் ஊறியிருக்கிறது. பெரியப்பா அந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை போட்டுக்கொண்டார். அப்பா வருஷா வருஷம் போய் அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்து "ஊறல" என்றிருக்கிறார். பொண்டாட்டியிடம் இறங்கிறலாம் என்று வாக்குக் கொடுத்தவர், வீடில்லை என்று எப்படிச் சொல்வார்?

"உங்கொம்மாளுக்கு ஊடு உழுந்த வருசமே நாஞ் சொல்லிப்போட்டேன்" என்றாள் அத்தை. "எனக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியக்கூடாதுங்கன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. அதுக்காவத்தான் அந்த மூணு கல்லு."

அம்மாவிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், "வேலையப் பாரு போ" என்றிருப்பாள். அப்பாவின் பேச்சை நம்பிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குக் காட்டத்தான் அத்தனை வருஷம் புகையில் குனிந்திருக்கிறாள். அவள் கையால் அடுப்புப் போட்டால் அது அவர் முகத்தில் அடித்த மாதிரி. ஒன்றும் தெரியாத ஒரு பிள்ளை போட்டால், போட்டதுதான். அன்று என் தாடையை அவள் பிடித்த பிடி தனக்குப் பதில் அடிவாங்க ஆள்பிடித்த பிடியில்லை என்று ஒன்பது வயதில் எனக்கு யார் சொல்வது?

போதும். மழை விட்டிருக்கிறதா பார். பெரியவன் கோயம்புத்தூரில் வீடு கட்டி, எனக்கென்று ஓர் அறை விட்டு, வெந்நீர்க் குழாய் வைத்து, வருஷா வருஷம் ஆள் அனுப்புகிறான். இந்த வருஷம் மகளையே அனுப்பியிருக்கிறான். கதவோரம் என் பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கிறது. போனில் கேட்டால், "இந்த மழை விடட்டும் சாமி, எறங்கிர்றேன்" என்கிறேன். அவனும் சரிங்கம்மா என்கிறான். பையில் என்ன இருக்கிறது என்று நீ திறந்து பார்த்தாய், எனக்குத் தெரியும். பழைய கம்பளி ஒன்றுதான். இருக்கட்டும்.

எங்கே கண்ணு, எழுதினதை முதலிலிருந்து படி, கேட்கிறேன். கடைசியில் பையைப் பற்றிச் சொன்ன இடம் வந்தால் மட்டும் குரலை இறக்கிப் படி. உங்கப்பன் போனில் கேட்டுக்கொண்டிருந்தாலும் இருப்பான்.