வேட்டியில் வாங்கிய மலைச் சைக்கிள்

சைக்கிள் கடைக்குப் போய், ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்து பார்க்காமல் சைக்கிள் வாங்கி வந்தவன் நான். ஐம்பதை நெருங்கும் வயதில், நாலு புத்தகம் படித்தவன் என்று வேலை பார்க்கும் இடத்தில் பெயரும் எடுத்துவிட்டு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏறாததற்குக் காரணம் வேட்டி. வேட்டிக்குக் காரணம் நல்ல நாள். நல்ல நாள் பார்த்தது என் மனைவி. இப்படியே கொண்டுபோய் அவள் தலையில் கட்டிவிடலாம்தான். ஆனால் சைக்கிள் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்.

ஆரம்பித்து வைத்தவர் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரையக் கூட்டிக்கிட்டே போக முடியாது. தெனமும் காலையில நடங்க. அடுத்த தடவை வர்றப்பவும் சர்க்கரை இப்படியே நின்னா ஊசிதான்."

எனக்கு ஊசி ஆகாது. ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை நனைக்கும்போதே கண் இருட்டிவிடும். பரிசோதனைக் கூடத்தில் என் தலையைக் கண்டதும் பெஞ்சில் இருப்பவர்களை எழுப்பிவிடுவார்கள், நான் சாய்வதற்கு இடம் வேண்டும் என்று. அப்படிப்பட்டவன் தினமும் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வது என்றால்! அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரைக்கு அது நல்லதுதான் என்றாள் மனைவி.

பேசாமல் நடந்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் நடப்பதில் ஒரு பெருங்குறை உண்டு. அதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. விடிகாலையில் வெறுங்கையை வீசிக்கொண்டு போகிற நடுவயதுக்காரனைப் பார்த்தால் சிவகாசி முழுக்க ஒரே கேள்விதான் கேட்கும்: "என்ன அண்ணாச்சி, சுகரா?" மலைச் சைக்கிளில் போகிறவனை யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

இந்த நினைப்பு வந்ததற்கு என் தொழிலும் ஒரு காரணம். காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் படம் தேர்ந்தெடுத்து நிறம் பார்ப்பது என் வேலை. பனிமலை, அருவி, பச்சைப் பள்ளத்தாக்கு என்று கரிசல் காட்டு வீட்டுச் சுவர்களில் வருஷம் முழுக்கத் தொங்குகிற குளிர்ச்சியில் கொஞ்சம் என் கைவழியாகப் போனது. ஒரு வருஷம் புதுக் காலண்டருக்கு ஆர்டர் பிடிக்க ஆடிப் பதினெட்டுக்கு வெளியிடும் மாதிரிப் பட ஆல்பத்தில் ஒரு படம் சேர்த்தேன். மலை உச்சியில் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான், கீழே மேகம். ஆர்டர் கொடுக்க வந்த ஒரு மிளகாய் மண்டிக்காரர், "இவன் எதுக்கு இம்புட்டு ஒசரத்துல சைக்கிளோட நிக்கான்? முருகனைப் போடுங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். படம் ஆல்பத்தோடு நின்றுபோனது. ஆனால் அதன் மாதிரித் தாளை நான் வீட்டில் ஒட்டி வைத்திருந்தேன்.

வாங்குவதற்கு முன் நிறையப் படித்தேன், காணொளிகளும் பார்த்தேன். எல்லாரும் இரண்டு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது? எங்கே, எப்படி ஓட்டப்போகிறாய்? முதல் கேள்விக்குத் தீபாவளி போனஸ் பதில் சொன்னது. இரண்டாவதற்கு உண்மையான பதில், வீட்டிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும், மெதுவாக. நான் சுவரில் இருந்த படத்தைக் கேட்டுப் பதில் சொன்னேன்.

பணம் குறைவாக இருந்தால் முன் சக்கரத்துக்கு மட்டும் குலுக்கல் தாங்கும் சாக்கப்சர் உள்ளதை வாங்கு, பின்னாலும் கேட்டால் கனமும் ஆட்டமும்தான் மிஞ்சும் என்று படித்திருந்தேன். நன்றாகப் புரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கவும் செய்தேன். பிறகு போய்ப் பின்னாலும் சாக்கப்சர் வைத்ததையே வாங்கினேன்.

விருதுநகரில் கடை. வளர்பிறை முகூர்த்த நாள் என்று கோவிலுக்குப் போய்விட்டு, கரை போட்ட புது வேட்டியோடு நேராக அங்கே இறங்கினோம். கடைக்காரர் சிரித்த முகத்துக்காரர்.

"வாங்கண்ணாச்சி. பையனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் வேட்டியைப் பார்த்தார். பிறகு தாம் ஒரு வியாபாரி என்பது நினைவுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். "எங்கன ஓட்டப் போறீக?"

"மலைப் பக்கம்" என்றேன். மேற்கே மலை இருக்கிறது, பொய் இல்லை. மழை பெய்து தெளிந்த காலையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து நன்றாகவே தெரியும்.

"இவுக மாடிப்படி ஏறுனாலே நடுவுல நின்னு ஊரைப் பாப்பாக" என்றாள் மனைவி, கடைக்காரரிடம்.

வரிசையாக நின்ற சைக்கிள்களை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் சோதித்தேன். அச்சில் புள்ளி பார்க்கிற சின்ன லென்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு விலகியிருந்தது. இன்னொன்றில் மஞ்சள் சோகை பிடித்துக் கிடந்தது. கடைசியாக நின்றதில் நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. தடித்த டயர், முன்னும் பின்னும் சாக்கப்சர், படத்தில் இருந்ததன் உடன்பிறப்பு.

"இதுதான்" என்றேன்.

"ஏறி உக்காந்து பாருங்க" என்றாள் மனைவி.

அதன் குறுக்குக் கம்பி இருந்த உயரத்துக்குக் காலைத் தூக்கினால் வேட்டியின் கதி என்ன ஆகும் என்று யோசித்தேன். நல்ல நாள் வேறு.

"அதெல்லாம் பாக்கணும்னு இல்ல. பாத்தாலே தெரியுது."

"உசரமா இருந்தா சீட்டை எறக்கிக்கிடலாம்க்கா" என்று கடைக்காரர் அவளைச் சமாதானப்படுத்தினார். சீட்டு இறங்கும். கம்பி இறங்காது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலண்டரை வாங்குகிறவன் அதன் மேல் ஏறியா பார்க்கிறான்? எனக்குத் தெரிந்த வாங்கல் அவ்வளவுதான்.

மறுநாள் காலை பேண்ட் போட்டு ஏறியபோது என் கால் பெருவிரல்கள் மட்டும் தரையை விசாரித்தன. நிறுத்துவதென்றால் ஏதாவது மதில் வேண்டும். மிதித்தால், முன்னே போக வேண்டிய பலமெல்லாம் பின் சாக்கப்சருக்குள் இறங்கி, நான் இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடினேன். அந்த விலைக்குக் கிடைப்பது சாக்கப்சர் அல்ல, சாக்கப்சரின் படம். கண்மாய்க் கரைக்குத் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தால், கனடாவின் பாறையைத் தாங்குவதாக எழுதியிருந்த டயர், சீமைக்கருவேல முள்ளிடம் பேச்சுமூச்சில்லாமல் தோற்றது. வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பெரும்பாலான காலைகள் அப்படித்தான். முள் இல்லாத நாளில் மழை. கரிசல் மண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மண்ணும் இல்லாத நாளில் ஏறி இறங்கப் பயந்து நானே தள்ளிக்கொண்டு போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. முழு போனஸ் அது. தவிர, வெறுங்கையோடு திரும்பினால் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். பார்ப்பாள்.

வெம்பக்கோட்டை ரோட்டில் டீக்கடை வரை போய் வருவது பழக்கமானது. சர்க்கரை இல்லாத டீ, சைக்கிளுக்குச் சாய ஒரு புளியமரம். அந்த நேரத்துக்குத்தான் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வரும். என்னைக் கண்டதும் உள்ளே இருக்கும் பெண்களுக்குக் கொண்டாட்டம்.

"ஏ அண்ணாச்சி! அது ஓடாதா, நீங்க ஓட்ட மாட்டீகளா?"

"சும்மா இரு மதினி, புதுசுல்ல, தேயுமேன்னு பாக்காக!"

"வேன்ல ஏறிக்கோங்க அண்ணாச்சி. சைக்கிள் பின்னாடி நடந்து வரட்டும்!"

வேன் போன பிறகும் சிரிப்பு கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் ஒன்று எனக்கும் தோன்றும், வேன் வெம்பக்கோட்டை போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில்.

டாக்டரம்மா குறித்த நாள் வந்தது. முந்தின நாள் பெஞ்சில் சாய்ந்து ரத்தம் கொடுத்தாகிவிட்டது. முடிவு வந்த உறையை நான் பிரிக்கவில்லை. தூக்கம் கெட்டு, ஊசி போடும் இடம் வயிறா தொடையா என்று யோசித்துக்கொண்டே மனைவியோடு போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா உறையைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே நல்ல சகுனம்.

"நல்லாக் கொறைஞ்சிருக்கே! ஊசிக்கு இப்ப அவசியமில்ல. என்ன செஞ்சீக?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மலைச் சைக்கிள் வாங்கியிருக்கேன் டாக்டர். தெனமும் காலையில வெம்பக்கோட்டை ரோட்டுல போறேன்." அந்த உற்சாகத்திலேயே, "தோள்பட்டை மட்டும் வலிக்குது. அதுக்கு ஏதும் மாத்திரை எழுதித் தாங்களேன்" என்றும் சொல்லி வைத்தேன்.

"சைக்கிள் ஓட்டுனா தோள்பட்டை ஏன் வலிக்குது?"

"எங்க ஓட்டுறாக?" என்றாள் மனைவி. "போறப்பவும் தள்ளிக்கிட்டுத்தான் போறாக, வர்றப்பவும் தள்ளிக்கிட்டுத்தான் வாராக. சேறா இருந்தா தோள்ல தூக்கிக்கிட்டு வருவாக."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"அப்ப மாத்திரை வேணாம். நாளையிலருந்து சைக்கிளை வீட்டுல வச்சிட்டுப் போங்க, தோள்பட்டை சரியாப் போயிரும்."