இரண்டாம் பக்கத்தில் டிரம்ஸ் இல்லை

என் வீட்டுக்காரரின் சிரிப்பை எங்கள் ஊர் பாகாயத்தில் அறியாதவர் கிடையாது. முதலில் இரண்டு மூன்று முறை விக்கும். அப்புறம் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாற்போல் கிளம்பிவிடும். கிளம்பினால் லேசில் நிற்காது. ஒருமுறை சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவே சிரித்துத் தொலைத்ததில், போதகரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முறைத்தார். பெண் பார்க்க வந்த அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் சரியென்று தலையாட்டினேன். இப்படிச் சிரிக்கிற ஆளிடம் கள்ளம் இருக்காது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெயர் ஆல்வின். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. வெண்டைக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றாக நுனி உடைத்துப் பார்த்து வாங்கி வருவார். இப்படிப்பட்ட மனுஷனின் வாழ்க்கையில் பெருமையடித்துக்கொள்ள ஒரே ஒரு சங்கதி உண்டு. கல்யாணத்துக்கு முன்பு, எழுபத்து நாலாம் வருஷம், மெட்ராஸ் போய் ஒரு ரெக்கார்டு போட்டார். சின்ன ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. 'ஃபோர்ட் கேட் பாய்ஸ்' என்று பேர் வைத்த மூன்று பேர். கிதார் வாசித்துப் பாடியது என் வீட்டுக்காரர். இன்னொரு கிதார் பாண்டியன், தோல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை, மூவருக்கும் தலைவர், செலவெல்லாம் அவருடையது. அவர் செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. டிரம்ஸ் வேலு.

வேலு ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். எங்கள் பக்கம் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை. ஸ்கூல் பேண்டில் அடித்துப் பழகிய கை அவருக்கு. அந்தக் காலத்தில் ஏலகிரி ஓட்டலிலும் காலேஜ் விழாக்களிலும் இந்த மூவரும் வெள்ளைக்காரப் பாட்டு பாணியில் சொந்தப் பாட்டு வாசித்து ஆட்டம் போட்டார்களாம். ரெக்கார்டு வந்ததோடு எல்லாம் முடிந்தது. பாண்டியன் மண்டிக்குப் போனார், இவர் கம்பெனிக்குப் போனார், வேலு ஷாப்பிலேயே கிடந்தார்.

அந்த ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தில் டிரம்ஸ் இருக்காது. ஏன் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் ஒரு கதை சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"வேலு ஒரு பாட்டுக்கு நல்லாத்தான் அடிச்சான். அப்புறம் அந்த மைக்கப் பாத்தானோ இல்லியோ, கையெல்லாம் நடுங்கிப் போச்சு. குச்சியப் போட்டுட்டு எடுத்தான் பாரு ஓட்டம்! சென்ட்ரல்ல போய்த்தான் நின்னிருப்பான்!"

பிறகு அந்தச் சிரிப்பு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வேலு காலை பஸ்ஸில் வாழைத்தாரோடு வருவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே இந்தக் கதை நடக்கும். வேலு தலையைக் குனிந்து கேக்கைத் தின்பார். "பயந்தாங்கொள்ளி மாமா" என்று என் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மகள் மோகனாவும் குழந்தையாக இருந்தபோது கைதட்டிச் சிரித்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது, ஆஸ்பத்திரி வாசலில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்ததும் இதே வேலுதான்.

போன வருஷம் சென்னையிலிருந்து சூரியபிரகாஷ் என்று ஒரு இளைஞர் வந்தார். பழைய ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து, சுத்தம் பண்ணி, மறுபடியும் வெளியிடுகிற கம்பெனியாம். கல்கத்தாவில் ஜாஸ் வாசித்தவர்கள், பெங்களூரில் ராக், பம்பாயில் பாப், எங்கள் ஊர்க்காரர்களின் ப்ளூஸ் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பெரிய எல்பி தட்டாகப் போடப்போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தரையில் நடக்கவில்லை. கதை முழுக்கச் சொன்னார், சிரிப்போடு. அந்தப் பையன் அதைப் பதிவு பண்ணிக்கொண்டு போனார்.

போன மாதம் பார்சல் வந்தது. மினுமினுவென்று உறை. உள்ளே படங்களோடு ஒரு சின்னப் புத்தகம். அதில் என் வீட்டுக்காரர் சொன்ன கதை அச்சாகியிருந்தது. டிரம்மர் மைக்குக்குப் பயந்து ஓடிப்போனதால் இரண்டாவது பாட்டு டிரம்ஸ் இல்லாமல் பதிவானது, அந்த வெறுமைதான் அந்தப் பாட்டின் உயிர் என்று இங்கிலீஷில் புகழ்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைத் தெருவில் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. பாட்டுகளைப் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரேஷன் கடையில் நிற்பதுபோல் கல்கத்தா, பெங்களூர், பம்பாய் எல்லாம் முடியக் காத்திருந்து, கடைசியில் இவருடைய பாட்டு வந்தது. அடேயப்பா, எவ்வளவு துல்லியம்! கிதார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. முதல் பாட்டில் வேலுவின் கை அப்படித் துள்ளியது. எனக்கே காலாட்டத் தோன்றியது. இரண்டாவது பாட்டு வழக்கம்போல் டிரம்ஸ் இல்லாமல் ஓடி முடிந்தது.

இரண்டு தட்டுக்கும் கடைசியான நான்காம் பக்கம் முழுக்க, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஸ்டூடியோவில் பதிவான மிச்சம் மீதிகள். பழைய ரெக்கார்டில் இல்லாதவை. ஒரிஜினல் டேப்பு கிடைத்ததாம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு பாண்டியனின் குரல், என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல்.

"டேய் வேலு, ஷாப்புல இருந்து நேரா ரயில் ஏறிட்டியா? போய்க் கைய கழுவிட்டு வந்து அடுத்த பாட்டுக்குக் குச்சியத் தொடுடா. உன் நாத்தம் டேப்புல ஏறிடப் போவுது."

அப்புறம் சிரிப்பு. முதலில் இரண்டு மூன்று விக்கல். பிறகு ஸ்கூட்டர் கிளம்பியது.

என் கையில் கீரை அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் குச்சிகளைக் கீழே வைக்கும் சத்தம். வீசவில்லை, மெதுவாக வைத்தார். நடக்கும் சத்தம். கதவு. "டேய், எங்கடா போற?" என்று பாண்டியன் கேட்டார். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் பாய்ந்து போனை எடுத்தார்.  மைக்கைப் பார்த்து வேலுவுக்கு வந்ததாகச் சொன்ன நடுக்கம் இப்போது இவர் கைக்கு வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியே குமாரி. பாண்டியன்தானே சொன்னான்?" என்றார்.

"நீங்க சிரிச்சீங்க."

"அந்த வயசுல..."

"வாய மூடுங்க. பயந்து ஓடினான்னு ஊரெல்லாம் சொன்னது எந்த வயசுல? போன டிசம்பர்ல சொன்னீங்களே, அது எந்த வயசு?"

சூரியபிரகாஷுக்குப் போன் போட்டார். அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கெஞ்சினார். அந்தப் பிள்ளை சந்தோஷமாகப் பேசியது எனக்கும் கேட்டது. "பிரஸ் ஆயி கடைக்கே போயிடுச்சு அங்கிள். ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தர ஒருத்தர் கலாய்க்கிறது, செம நேச்சுரலா இருக்கு. உங்க சிரிப்புதான் அங்கிள் ஹைலைட்டே! ஞாயித்துக்கிழமை ரெக்கார்டு ரிலீஸ் ஃபங்ஷன்ல வேலு அங்கிளையும் மேடை ஏத்துறோம். நீங்க அந்த ஓடிப்போன கதைய சொல்றீங்க. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க!"

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வெளியே தலைகாட்டவில்லை. பால்காரர் வந்தால் என்னைப் போகச் சொல்வார். சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வெட்கத்தில் எனக்கே உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கதையை நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! வேலுவுக்குக் காபி ஆற்றிக்கொடுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை மேடையில மறுபடியும் அவரப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஃபங்ஷனுக்கே போவல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"நீங்க படுத்துக்கலாம். அவரு பேரு அந்த புக்குல நிக்குதே, அதுக்கு இன்னா பண்றது? அவரு பேரப்பசங்க அதத்தானே படிக்கும்? எழுந்திருங்க, ஆம்பூருக்குப் போலாம்."

"அவனுக்குக் காது கேக்காதே குமாரி. ரெக்கார்டு போட்டாலும் கேக்காது" என்றார்.

சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்ததை நான் பார்த்தேன். வேலு பிற்காலத்தில் ஃபிளெஷிங் மிஷினில் நின்றவர். தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவுகிற மிஷின், ஊளையிட்டுக்கொண்டே ஓடும். அதில் நின்று நின்று காது போய்விட்டது. அந்தச் செவிடு தன்னைக் காப்பாற்றும் என்று என் புருஷன் சந்தோஷப்பட்டார். அந்த நிமிஷம்போல் நான் என்றைக்கும் கூசிப்போனதில்லை. சட்டையை எடுத்து அவர் மேலே வீசினேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனோம்.  வேலு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா அண்ணி! வாடா ஆல்வி! இன்னாடா எளச்சிட்ட?"

உள்ளே மோகனா நின்றிருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். எப்போதும் "மாமா" என்று ஓடிவருகிற பெண், அன்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"இவ நம்ம பாட்ட போன்ல கேட்டாடா" என்றார் வேலு, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "கேட்டுட்டு ஒரே அழுவ. இன்னாடின்னா சொல்ல மாட்றா. நாம பேசிக்கினு இருந்ததெல்லாம் வருதாமே? நீ சொல்லு. இன்னா பேசினோம்?"

என் வீட்டுக்காரர் அவர் காதருகே குனிந்தார். "சும்மாதான்டா. டீ சொல்லிக்கினு இருந்தோம்."

"கேக்கல."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மோகனாவைப் பார்த்தார். பிறகு பாண்டியன் சொன்னதை, ஷாப்பு, ரயில், கை, நாற்றம், ஒரு சொல் விடாமல் சொன்னார். மெதுவாகச் சொன்னால் வேலுவுக்குக் கேட்கவில்லை. "கேக்கலடா" என்றார். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு கெங்கம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்து நின்றாள்.

வேலு மடியில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். "சரி. அப்புறம்?"

"அப்புறம் சிரிப்பு."

"யாரு?"

"நான்."

"கேக்கல."

"நான்தான்டா! நான்தான் சிரிச்சேன்! நீ பயந்து ஓடல! நான் சொன்னதெல்லாம் பொய்!"

தெருவே நின்று பார்த்தது. என் வீட்டுக்காரர் அழுதார். அந்த அழுகையும் முதலில் இரண்டு மூன்று விக்கலோடுதான் கிளம்பியது. எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

வேலு மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்புறம் சொன்னார்.

"நீ சிரிச்சது எனக்குத் தெரியாதா? அன்னிக்குக் காது நல்லாதானே இருந்திச்சு. கதவு மூடின அப்பறமும் கேட்டுதே. இவளுக்குத்தான் தெரியாம இருந்திச்சு. அதான் உன் வாயால சொல்லச் சொன்னேன்."

மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியா மோகனா? உங்கப்பன் பயந்து ஓடல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நாளைக்கு மேடையிலயும் இத சொல்றேன் வேலு. புக்குலயும் மாத்தச் சொல்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். அது வேலுவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.  அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"மணி ஆவுது. அண்ணி, நீ உள்ள வா. மோகனா, எலைய போடு." பிறகு, எந்த வீட்டிலும் விருந்தாளிக்குச் சொல்வதை என் புருஷனிடம் சொன்னார். "போய்க் கைய கழுவிட்டு வாடா."

என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். இலை போட்டு, சோறு பரிமாறி, குழம்பும் ஊற்றியாகிவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. போய்ப் பார்த்தேன். சோப்பைத் தேய்த்துத் தேய்த்து முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தார்.