பசை போட்ட கம்பளி

பொதியைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது ஆட்டு வாடை; அதன் பின்னாலேயே, புளித்த கஞ்சியைப் போல, புளியங்கொட்டைப் பசையின் வாடை. பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவின் கடைக்குப் பின்கட்டுதான் எங்கள் வீடு என்பதால், மழைக்காலச் சரக்கு வந்திறங்கிய நாள்களில் நாங்கள் தின்ற சோற்றிலும் அந்த வாடை அடித்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். இந்தியக் கரையிலிருந்து வந்த கம்பளிப் பொதிகள் அங்கிருந்து மாட்டுவண்டியில் மலை வளைவுகளைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேரும்.

பிற்காலத்தில் பள்ளியில் இங்கிலீஷ் படித்தபோது, பிளாங்கட் என்றால் படுக்கும்போது போர்த்திக்கொள்வது என்று டீச்சர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிளாங்கட்டால் பிழைத்த வீட்டுப் பிள்ளையிடம் வந்து சொல்கிற சேதியா அது? எங்கள் கடையில் துரை பங்களாவுக்குப் போகிற வெள்ளைச் சரக்குக்கு மட்டும்தான் "பிளாங்கட்டு" என்று பெயர். நாங்கள் வீட்டில் போர்த்தியது "போர்வை". தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் வாங்கிப் போன கறுத்த முரட்டுச் சரக்கு "கம்பளி". அதையே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்கப் போனால் "கொங்காணி". பகலில் மழையைத் தாங்கிய அதே துணி ராத்திரி லயத்து வீட்டில் பாயாகும், ஒற்றை அறைக் காம்பராவை இரண்டாகப் பிரிக்கிற சுவராகும், நடக்க முடியாத நோயாளியை மூங்கிலில் கட்டித் தூக்குகிற டோலியாகும். ஒரு கம்பளி வாங்கினால் பாதி வீடு வாங்கின மாதிரி என்று வாப்பா வியாபாரத்துக்காகச் சொல்வார். அதில் பொய் இல்லை.

பொய் வேறிடத்தில் இருந்தது. எங்கள் கடையில் "தண்ணி நிறுத்திக் காட்டுவது" என்று ஒரு வழக்கம். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களில் கம்பளியின் மூலைகளைத் தொட்டிலைப் போலக் கட்டி, நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார் வாப்பா. வந்தவர்கள் வெற்றிலை போட்டு முடிக்கிறவரை தண்ணீர் அப்படியே நிற்கும். பிறகு அடியில் கையை விட்டுத் தடவி, ஈரமில்லாத உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டுவார். "அடிச்சுத் துவைங்க, ஆத்துல போட்டு மிதிங்க, ஒண்ணும் ஆகாது" என்பது அவருடைய கடைசி வார்த்தை. நல்ல ஆட்டுமயிரில் இறுக்கி நெய்த கம்பளிக்கு அது உண்மையும்கூட.

ஒரு வருஷம் வந்த சரக்கு அப்படியில்லை. ராத்திரிச் சோறு போடும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "இந்தத் தடவை வந்தது கம்பளி இல்ல, வெறும் பசை. பஞ்சக் கலந்து நெய்ஞ்சிருக்கான். பசை இருக்கிற மட்டும் தண்ணி நிக்கும், வெளுத்தா சல்லடைதான்."

"அப்ப சொல்லித்தானே விக்கணும்?" என்றாள் உம்மா.

"சொன்னா எவன் வாங்குவான்?"

மறுநாளிலிருந்து தண்ணீர் நிறுத்துவது வழக்கம்போல நடந்தது; கடைசி வார்த்தை மட்டும் மாறிவிட்டது. "கம்பளிய வெளுத்துராதீங்க, அதோட குணம் போயிரும்" என்றார். கேட்டவர்கள் முதலாளிக்கு எவ்வளவு அக்கறை என்று தலையாட்டிப் போனார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து காத்தாயி என்கிற பெண், பிறந்து சில வாரமேயான பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, அந்தச் சரக்கில் ஒன்றை வாங்கிப் போனதும் அப்போதுதான்.

அடுத்த மழைக்கு அவள் வெறும் இடுப்போடு வந்தாள். நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

"பிள்ள எங்க தாயி?" என்றார் வாப்பா.

"பிள்ள இல்லைங்க முதலாளி." அவள் அழவில்லை, கங்காணிக்குப் பதில் சொல்கிறவளைப் போலத் தலை குனிந்தபடி சொன்னாள். "வெளுக்காதன்னு நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க. நாந்தாங்க கேக்கல. பசை பட்டுப் பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சிருச்சு. ஆத்துல வச்சுக் கசக்கிட்டேன். மறுநா மலையில ஏணை கட்டிப் பிள்ளையப் போட்டு, மேல கம்பளிய மூடிட்டுக் கொழுந்துக்குப் போனேன். மழை புடிச்சுக்கிச்சு. கம்பளிதான் கெடக்கேன்னு நான் ஓடி வரலைங்க. வந்து பாத்தா பிள்ள ஊறிப்போயிக் கெடக்கு. காய்ச்சல்ல போயிருச்சு."

உம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாப்பா எழுந்து உள்ளே போய், அந்த வருஷத்து நல்ல சரக்கிலேயே கனமான கம்பளி ஒன்றை எடுத்துவந்து, விலை எதுவும் வேண்டாம் என்று அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க நல்ல மனசுக்கு நல்லாருப்பீங்க முதலாளி. இத வெளுக்கவே மாட்டேங்க" என்றாள்.

எந்த ஆற்றில் போட்டு மிதித்தாலும் ஒன்றும் ஆகாத கம்பளி அது. "ம்" என்றார் வாப்பா.

அன்று அவர் சாப்பிடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தபோது உம்மா, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதன் பிறகு வாப்பா பஞ்சு கலந்த சரக்கைத் தொடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் யாருக்கு ஆகும்?

ரயில் பதுளைக்கே வந்து பல காலமாகிவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் சாமான் விற்கிறார்கள். மலையில் பெண்கள் ரப்பர் சீலையைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள்; "கொங்காணி" என்றால் என் பேரப்பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்தார், பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தார், மடுல்சீமைக்கு மட்டும் போகவில்லை. அது என்ன கண்காணாத சீமையா? அவர் மௌத்தான பிறகாவது நான் போயிருக்கலாம். வாப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்று இருந்துவிட்டேன்.

காத்தாயி இன்னும் உயிரோடிருக்க வாய்ப்பில்லை. தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டுதான் அவள் கண்ணை மூடியிருப்பாள். இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்.