ஒரு கட்டை கீழே

எங்கள் மெல்லிசைக் குழுவில் முக்கியமாகப் பாடுவது அண்ணன், கிட்டார் வாசிப்பது அண்ணி. இருவரும் கணவன் மனைவி. எனக்கு ரத்த உறவு ஒன்றும் கிடையாது. பதினேழு வருடமாக அவர்களுக்குப் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசித்த உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன்.

பேஸ் வாசிப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. ஆனால் அண்ணியையும் யாரும் பார்ப்பதில்லையே, அது அநியாயம்! சினிமாப் பாட்டில் பாதிக்கு மேல் கிட்டார்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை உருவிவிட்டால் காதல் பாட்டுகூடச் செய்தி வாசிப்பது போல ஆகிவிடும். ஜனங்களோ பாடகரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அண்ணி கிட்டாருக்கு வந்ததே ஒரு கூத்து. அவருடைய தம்பி, கல்லூரிப் பெண்களைக் கவர்வதற்காக ஒரு கிட்டார் வாங்கினான். மூன்று வாரத்தில் விரல் நுனி புண்ணானதுதான் மிச்சம், ஒரு பெண்ணும் திரும்பவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அண்ணி வீடு பெருக்கும்போது துடைப்பம் கம்பியில் பட்டு ஒலித்ததாம். அன்றைக்குப் பெருக்குவதை நிறுத்தியவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை அண்ணன் தலையில் விழுந்தது.

பகலில் அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறார். கிட்டாருக்காக இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும், வலது கை நகங்கள் நீளமாக இருக்கும். புதுக் கண்ணாடி மாட்டிய வாடிக்கையாளர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கைகளைத்தான். "பவர் சரியாத்தான் இருக்கு, என் கைதான் அப்படி" என்பார்.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் அண்ணனின் குரல் மேலே ஏற மறுத்தது. அவர் முத்திரை பதித்த பாட்டில், சரணத்தின் உச்சியில் தொண்டை நடுங்கியது. அண்ணனோ, "பழைய சுருதியில பாட முடியாத அன்னைக்கு நான் மைக்கத் தொட மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள். பாடாவிட்டால் அந்த மனுஷர் என்ன ஆவார் என்று அண்ணி பயந்தார்.

அதனால் சத்தமில்லாமல் கிட்டாரின் ஆறு கம்பியையும் சுருதியில் ஒரு கட்டை தளர்த்திவிட்டார். கீபோர்டுக்காரர் சுருதியை இறக்கும் ஒரு பொத்தானை அழுத்தினார். நான் கையை இரண்டு கட்டம் இறக்கிக்கொண்டேன். மற்றவர்கள் பாடும்போது, கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டி அண்ணி பழைய சுருதிக்கு வந்துவிடுவார். பாட்டுப் பட்டியலில் மட்டும் அண்ணனின் பாட்டுக்குப் பக்கத்தில் "ஐந்து கட்டை" என்றே எழுதுவோம். வாசிப்பது நான்கில். அண்ணனும் நிகழ்ச்சி முடிந்ததும், "இந்த வயசுலயும் அதே அஞ்சு!" என்று மார்தட்டுவார். நாங்கள் தரையைப் பார்ப்போம்.

போன மாதம் ஒரு துணி ஆலையின் ஆண்டு விழா. காலை பதினொரு மணி. பழைய கீபோர்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று அவர் இடத்துக்குப் புதியவர் ஒருவர், நெரிசலில் மாட்டி, நிகழ்ச்சி தொடங்கும்போது ஓடி வந்தார். பட்டியலை அவர் கையில் திணித்தது நான். ஒரு கட்டை இறக்கச் சொல்ல வேண்டியதும் நான். மறந்து தொலைத்தேன்.

முதல் பாட்டே அண்ணனுடையது. புதியவர் பட்டியலில் இருந்தபடி ஐந்தில் புல்லாங்குழல் ஓசையை ஆரம்பித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணி கேப்போவைப் பார்த்தார். எடுத்து மாட்டினால் பாட்டு ஒழுங்காகப் போகும். ஆனால் சரணத்தில் அண்ணனின் குரல் ஆயிரம் பேருக்கு முன்னால் உடையும்.

அண்ணி அதைத் தொடவில்லை. தளர்ந்த கம்பிகளையே ஓங்கி மீட்டினார். காது கூசியது. முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அண்ணி கையை உயர்த்தி, "நிறுத்துங்க, நிறுத்துங்க. தப்பு என்னுது" என்றார். சுருதி தப்பியதாக இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பேச்சு வாங்காதவர்.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வீட்டம்மா தப்பை ஒத்துக்கிட்டது இன்னைக்குத்தான். எல்லாரும் கைதட்டுங்க!"

அரங்கம் அதிர்ந்தது. அண்ணி குனிந்து, அவசியமே இல்லாமல் கிட்டார் கம்பியின் முறுக்காணி ஒன்றைத் திருகினார். அவருக்கு அவமானமாக இருந்தது. எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கைதட்டல் ஓயும் முன்பு அண்ணன் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கீபோர்டு பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, ஒரு கட்டை இறக்கிக்குங்க. பேப்பர்ல இருக்கிறத நம்பாதீங்க. அது எனக்காக எழுதினது."

அண்ணியின் கை முறுக்காணியிலேயே நின்றுவிட்டது. "எப்ப தெரியும்?" என்றார், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"முதல் நாளே" என்றார் அண்ணன். "நீ சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. சரி, நீ ஆசைப்பட்டு இறக்கினது, நானும் பாடிட்டேன்."

புல்லாங்குழல் மறுபடி தொடங்கியது, இந்த முறை நான்கில். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கிட்டார் நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். அண்ணன் பாட ஆரம்பிக்கவில்லை. கிட்டார் வரும்வரை காத்துக்கொண்டு நின்றார்.